அறிவியல் காதல் நாவலுக்கு வாசல் எங்கே?

தமிழில் அறிவியல் புனைவு ஏன் வளரவில்லை என்று கேட்டால் நம் இலக்கியக் கூட்டங்களில் ஆயத்தமாக ஒரு விடை கிடைக்கும்: நமக்கு அறிவியல் மனம் இல்லை. அந்தப் புனைவில் காதலும் சேர்ந்துவிட்டால் விடைகூடத் தேவைப்படுவதில்லை. ஒரு புன்னகை போதும். 'பொழுதுபோக்கு' என்ற முத்திரை அந்தப் புன்னகைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. விண்கலமும் காதலும் ஒரே அட்டைக்குள் வந்தால் அது கல்லூரி மாணவர்களுக்கான தின்பண்டம் என்றே நம் தீவிர வாசகர் முடிவு கட்டிவிடுகிறார், ஒரு பக்கம்கூடப் புரட்டாமல்.

இந்த விடையையும் இந்தப் புன்னகையையும் ஒருங்கே மறுப்பதற்காகவே இக்கட்டுரை. கற்பனை நம்மிடம் குறைவில்லை. வாசகரும் குறைவில்லை. கைப்பிரதியை வாங்கிப் படித்து, அறிவியலைச் சரிபார்த்து, காதலைச் செப்பம் செய்து, அச்சிட்டு, நூலகத்துக்கும் கடைக்கும் கொண்டுசேர்க்கும் ஒரு வாசல்தான் இல்லை. எழுதும் முறையைப் பற்றி ஒரு கட்டுரையும் பதிப்பு வழியைப் பற்றி இன்னொரு கட்டுரையும் எழுதுவது நம் வழக்கம். இவ்வகை நாவலைப் பொறுத்தவரை அவை இரண்டும் ஒரே விஷயம் என்பது என் வாதம். எந்த வாசல் வழியே வெளியேற முடியும் என்பதைப் பார்த்துத்தான் எழுத்தாளன் தன் நாவலின் உயரத்தையும் அகலத்தையும் வெட்டிக்கொள்கிறான்.

திருவண்ணாமலையை முன்வைத்து இதைப் பேச இரண்டு காரணங்கள் உண்டு. இவ்வூரைப் பற்றிப் பேசுவோர் மலை, தீபம், ரமணர் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் இம்மாவட்டத்தின் ஜமுனாமரத்தூர் இருக்கும் அதே ஜவ்வாது மலைத்தொடரில், இன்று திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் வரும் காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள வைனு பாப்பு தொலைநோக்கி 1986ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. 1988இல் அந்த ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட குறுங்கோள் ஒன்று இன்று ராமானுஜனின் பெயரைத் தாங்கிச் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது முதற்காரணம். இரண்டாவது, தமிழ் அறிவியல் புனைவு நாவல்களில் பலரும் குறிப்பிடும் க. சுதாகரின் '6174' திருவண்ணாமலையிலிருந்துதான் வெளிவந்தது. 2012இல் அதை வெளியிட்டது இவ்வூரின் வம்சி புக்ஸ். வானம் பார்க்கும் கண்ணாடியும் துணிச்சலான ஓர் அச்சகமும் இத்தனை அருகருகே அமைந்த ஊர் தமிழ்நாட்டில் வேறு எது?

*

முதலில் எழுதும் முறை. அறிவியல் காதல் நாவல் என்பது என்ன? காதல் கதைக்கு வெள்ளி நிற உடை மாட்டிவிடுவதா? நம்மில் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், அப்படித்தான் வாசித்து ஏமாறுகிறார்கள். ஓர் எளிய சோதனை இருக்கிறது. நாவலிலிருந்து அறிவியலை எடுத்துவிடுங்கள். காதல் அப்படியே நின்றால் அது அறிவியல் காதல் நாவல் ஆகாது.

ஓர் உதாரணத்தை நாமே புனைந்து பார்ப்போம். பௌர்ணமி இரவுகளில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மனிதர்களால் நிரம்பி வழியும். பாதையோரம் இளநீர்க் கடை வைத்திருக்கும் ஒருத்திக்கு அதுவே வருமான இரவு. காவலூரில் பணிபுரியும் ஒருவனுக்கோ நிலவொளி பகை. மங்கலான விண்பொருள்களைப் பார்க்க அவனுக்கு இருட்டு வேண்டும், அவனுடைய திருநாள் அமாவாசை. அவளுக்கு ஓய்வு கிடைக்கும் இரவில் அவனுக்கு வேலை. அவனுக்கு ஓய்வு கிடைக்கும் இரவில் அவளுக்கு வேலை. அழகான முரண். இதைக் கொண்டு நல்ல சிறுகதை எழுதலாம். ஆனால் தொலைநோக்கியை எடுத்துவிட்டு அவனை நூற்பாலையின் இரவுப் பணிக்கு அனுப்பினாலும் கதை ஏறத்தாழ நிற்கும். ஆகவே இது முதல் வரைவு மட்டுமே.

இரண்டாம் வரைவில் அவனைச் செவ்வாய்க்கு அனுப்புவோம். ஒளியின் வேகத்தில் போனாலும் ஒரு சொல் பூமியிலிருந்து செவ்வாய்க்குப் போய்ச்சேரச் சுமார் 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். "கோபமா?" என்று அவள் கேட்டால், "இல்லை" என்ற பதில் வருவதற்கு 6 நிமிடமும் ஆகலாம், 44 நிமிடமும் ஆகலாம். ஊடலுக்கு இத்தனை நீளமான மௌனத்தை எந்தக் கவிஞனும் இதுவரை தந்ததில்லை. செவ்வாயின் ஒரு நாள் நம் நாளைவிட ஏறத்தாழ 40 நிமிடம் நீளமானது. ஆகவே அவள் விடியலும் அவன் விடியலும் நாள்தோறும் விலகிக்கொண்டே போய், ஏறத்தாழ 37 நாளுக்கு ஒருமுறைதான் ஒன்றுகூடும். ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒருமுறை இரு கோள்களுக்கும் நடுவே சூரியன் வந்து நிற்கும். அப்போது சுமார் இரண்டு வாரங்கள் செய்தித் தொடர்பு தடைப்படும். அந்த இரு வாரங்களில் அவள் கடையில் என்ன நடக்கிறது? முதல் பிரிவில் அழுதவள் மூன்றாம் பிரிவில் நிம்மதி கொள்கிறாளா? அந்த நிம்மதியை அவனிடம் சொல்வாளா? நாவல் இங்கேதான் தொடங்குகிறது. இப்போது அறிவியலை எடுத்துப் பாருங்கள், காதலின் முதுகெலும்பே ஒடிந்துவிடும்.

இதை மேலைநாட்டு இறக்குமதி என்பவர்களுக்கு ஒரு சொல். தொல்காப்பியம் அகத்துக்கு வகுத்த இலக்கணத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் உயிரும் தொழிலும் உணவும் கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்பன உரிப்பொருள். நிலமும் பொழுதும் மாறினால் காதலின் ஒழுக்கமும் மாறும் என்பதுதான் இந்த அமைப்பின் உள்ளுறை. அறிவியல் புனைவாளன் செய்வதும் அதுவே. அவன் முதற்பொருளை மாற்றி வைத்துவிட்டு, உரிப்பொருளுக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கிறான். 24 மணி நேரமும் 40 நிமிடமும் கொண்ட நாளுக்குச் சிறுபொழுதை எப்படிப் பிரிப்பது? காற்றே அரிதான நிலத்துக்குக் கருப்பொருள் எது? ஈராயிரம் ஆண்டுகளாகத் திணை பேசிவரும் மொழியில் இக்கேள்விகளைக் கேட்க ஆளில்லை என்றால், அதற்கு அறிவியல் மனத்தின் குறைபாட்டைக் காரணம் காட்டுவது சோம்பல்.

*

இனி நம் முன்னோடிக்கு வருவோம். சுஜாதாவைப் பேசாமல் இதை எழுத இயலாது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குபெற்று, அதே கையால் வாரப் பத்திரிகைத் தொடர்களையும் கணையாழியின் கடைசிப் பக்கங்களையும் எழுதியவர். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' இன்றும் மறுபதிப்புக் காண்கிறது. குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும், பெயர்கள் சுருக்கமாக இருக்க வேண்டும், வாழ்நாளையும் அரசே நிர்ணயிக்கும் என்ற ஓர் இந்தியாவில், காணாமற்போன கணவன் சிபியைத் தேடும் நிலாவின் கதை அது.

தேடல், பிரிவு, அரசு குறுக்கிடும் தாம்பத்தியம் என்று காதல் நாவலுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனாலும் நாவலை வாசித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நினைவில் நிற்பது யார்? ஜீனோ என்ற இயந்திர நாய். நிலாவுக்கும் சிபிக்கும் இடையே இருந்த அன்பு எத்தகையது என்று கேட்டால் விடை சொல்வோர் அரிது. இதைச் சுஜாதாவின் இயலாமை என்று நான் கருதவில்லை. வாரத் தொடர் என்ற வாசல் அப்படிப்பட்டது. ஒவ்வொரு வாரமும் சில பக்கங்கள், ஒவ்வொரு வாரமும் முடிவில் ஒரு திடுக்கிடல். அதற்குச் சாகசம் பொருந்தும், நகைச்சுவை பொருந்தும், புத்திசாலி நாய் மிக நன்றாகப் பொருந்தும். 44 நிமிட மௌனத்தில் ஒரு பெண்ணின் மனம் எப்படித் திரிகிறது என்று பத்துப் பக்கம் எழுத அங்கே இடம் கிடையாது. அடுத்த வாரம் வாசகர் திரும்பி வரவேண்டுமே. வாரப் பத்திரிகை தமிழுக்கு அறிவியல் புனைவைத் தந்தது. அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதில் காதலை ஓரங்கட்டியதும் அதே வாரப் பத்திரிகைதான்.

அந்த வாசலும் இப்போது குறுகிவிட்டது. சுஜாதா 2008இல் மறைந்தார். கல்கி 2020இல் அச்சிதழை நிறுத்திக்கொண்டது. எஞ்சியிருக்கும் வார இதழ்களில் தொடர்கதைக்கு முன்பிருந்த இடம் இல்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

*

இன்று ஒருத்தி அறிவியல் காதல் நாவல் எழுதி முடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். எங்கே போவாள்?

குடும்பக் காதல் நாவல்களை வெளியிடுவோரிடம் போகலாம். ரமணிசந்திரனின் நாவல்களை அருணோதயம் வெளியிட்ட நாள்முதல் அது ஒரு வலுவான மரபு. வாடகை நூல் நிலையங்களில் அவற்றின் பக்கங்கள் கிழிந்து தொங்கும் அளவுக்கு வாசிக்கப்பட்டவை. அந்த வாசகிகளை இளப்பமாகப் பேசும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன். ஒரு நாவலை இருபது முறை வாசிப்பவர் நம்மைவிடக் கூர்மையான வாசகர். ஆனால் அவ்வாசல் ஒரு நிபந்தனையோடு திறக்கிறது. தடையாக நிற்பது குடும்பமாகவோ தவறான புரிதலாகவோ இருக்கவேண்டும், முடிவு திருமணமாக இருக்கவேண்டும். செவ்வாயும் சூரியக் குறுக்கீடும் அங்கே 'குழப்பம்' என்று நீக்கப்பட்டுவிடும்.

தீவிர இலக்கியப் பதிப்பாளரிடம் போகலாம். அவர் நீக்கச் சொல்வது காதலை. தத்துவம் இருக்கலாம், அந்நியமாதல் இருக்கலாம், வரலாறு இருக்கலாம். இருவர் ஒருவரையொருவர் விரும்பி, அதை நாவலின் மையமாகவே வைத்துவிட்டால் அவருக்குக் கூச்சம் வந்துவிடுகிறது.

மின்னூலாகத் தானே வெளியிடலாம். கிண்டில் தமிழை ஏற்றுக்கொண்ட பின்னும், பிரதிலிபி போன்ற தளங்கள் வந்த பின்னும், இது அகலத் திறந்து கிடக்கும் வாசல். சுவரே இல்லாத வாசல் என்பதுதான் சிக்கல். படித்துப் பார்த்து, "ஒளி இத்தனை நிமிடத்தில் போகாது, கணக்கைச் சரிபார்" என்று சொல்ல ஒருவரும் இல்லை. "பதினோராம் அத்தியாயத்தில் அவள் மன்னித்தது பொருந்தவில்லை" என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. நாள்தோறும் ஓர் அத்தியாயம் ஏற்றினால்தான் வாசகர் தங்குவார் என்னும்போது, நாம் வாரத் தொடரை விட்டு நாள் தொடருக்கு வந்திருக்கிறோம். ஒன்றும் மாறவில்லை, திடுக்கிடலின் இடைவெளி குறைந்ததைத் தவிர.

ஆக, ஒரு வாசல் அறிவியலைக் கழற்றச் சொல்கிறது, இன்னொன்று காதலைக் கழற்றச் சொல்கிறது, மூன்றாவது எதையும் கேட்பதே இல்லை. கைப்பிரதி முழு உருவோடு நுழைய வழியெங்கே?

ஒரு நூற்றாண்டுக்கு முன் நிலைமை இத்தனை மோசமில்லை என்பது வியப்பு. பேகம் ரொக்கேயாவின் 'சுல்தானாவின் கனவு', ஓர் இந்தியப் பெண் எழுதிய அறிவியல் புனைவுகளில் மிகப் பழையனவற்றுள் ஒன்று. 1905இல் அது வெளியானது கல்கத்தாவில் அன்று, நம் சென்னையில். கமலா சத்தியநாதன் நடத்திய ஆங்கிலப் பெண்கள் இதழில். சூரிய வெப்பத்தை ஆயுதமாகவும் அடுப்பாகவும் ஆக்கிய பெண்களின் நாட்டை, ஒரு பெண்கள் இதழ் வெட்கப்படாமல் அச்சிட்டது.

*

இந்த இடத்தில்தான் '6174' எனக்கு முக்கியமாகிறது. அதில் காதல் மையம் அன்று. எண்புதிரும் லெமூரியாத் தொன்மமும் பின்னிய வேகக்கதை அது. ஆனாலும் அது வெளிவந்த விதம் ஒரு சான்று. மலையாள மொழிபெயர்ப்புகளுக்கும் சிறுகதைகளுக்கும் பெயர்பெற்ற ஓர் இலக்கியப் பதிப்பகம், சென்னையிலிருந்து விலகி நிற்கும் ஒரு கோயில் நகரத்திலிருந்து, தலைப்பிலேயே ஓர் எண்ணைத் தாங்கிய நாவலை வெளியிட்டது. வாசகர்கள் வாங்கிப் படித்தார்கள், பேசினார்கள். இலக்கியப் பதிப்பகத்தின் மானம் ஒன்றும் போய்விடவில்லை.

அந்த எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். எல்லா இலக்கங்களும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழியுங்கள். விடையை மறுபடியும் அவ்வாறே செய்யுங்கள். 2008இல் தொடங்கினால் 8172, 7443, 3996, 6264, 4176 என்று போய் 6174இல் நின்றுவிடும். அதன்பின் நகராது. இதைக் கண்டவர் நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த த. ரா. காப்ரேக்கர். 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இதை அறிவித்தார். விளையாட்டுக் கணக்கு என்று அறிஞர்கள் பலர் ஒதுக்கினார்கள். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்தியில் எழுதிய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 'விளையாட்டு' என்று ஒதுக்குவதும் 'பொழுதுபோக்கு' என்று ஒதுக்குவதும் ஒரே மனத்தின் இரு சொற்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஆட்ரி நிஃபெனெகர் எழுதிய 'காலப் பயணியின் மனைவி', மரபணுக் கோளாறால் காலத்தில் தடுமாறும் ஒருவனையும் அவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியையும் பற்றியது. அறிவியலை எடுத்தால் காதலே இல்லை என்ற சோதனையில் முழுமதிப்பெண் பெறும் நாவல். இலக்கிய முகவர்கள் பலர் அதை மறுத்தார்கள். 2003இல் அதை வெளியிட்டது சான் பிரான்சிஸ்கோவின் மெக்ஆடம் கேஜ் என்ற சிறிய பதிப்பகம். அதன்பின் லட்சக்கணக்கில் விற்றது. பெரிய வாசல்கள் மூடியிருந்தபோது சிறிய வாசல் ஒன்று திறந்தது, அவ்வளவே. நம் ஊரின் சிறிய பதிப்பகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

*

எதிர்வாதங்கள் மூன்றை அறிவேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாசகர் இல்லை என்பது முதல் வாதம். காதலிக்கும் எந்திரத்தைக் காண 2010இல் 'எந்திரன்' ஓடிய அரங்குகளில் நிறைந்தவர்கள் யார்? 2015இன் 'இன்று நேற்று நாளை', 2016இன் '24' ஆகியவற்றின் காலப் பயணத்தைப் புரிந்துகொண்டவர்கள் யார்? நாவல் என்றதும் அவர்களுக்கு மூளை மழுங்கிவிடுமா? வாசகர் இருக்கிறார். அவர் கைக்கு நூல் போகவில்லை.

இலக்கியம் ஆகாது என்பது இரண்டாம் வாதம். ஸ்தானிஸ்லாவ் லெம்மின் 'சோலாரிஸ்' 1961இல் வந்தது. இறந்த மனைவியை ஒரு கடல்-கோள் திருப்பித் தரும்போது கணவன் என்ன செய்வான் என்று கேட்ட நாவல் அது. கசுவோ இஷிகுரோ, உறுப்புகளுக்காகவே வளர்க்கப்படும் படியெடுப்பு மனிதர்களின் காதலை 2005இல் எழுதினார். அவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. இவர்களை மொழிபெயர்ப்பில் படித்துச் சிலாகிக்கும் அதே நண்பர், தமிழ்க் கைப்பிரதியைப் பார்த்ததும் புன்னகைக்கிறார். இதற்கு என்ன பெயர் வைப்பது?

தமிழில் சொற்கள் இல்லை என்பது மூன்றாம் வாதம். பெரியசாமித் தூரன் தலைமையில் கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள் 1954 முதலே வரத்தொடங்கிவிட்டன. அங்கே கிடைக்காத சொல்லை சுஜாதாவைப் போலத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிவிட்டுப் போகலாம். வாசகருக்கு ஹாலோகிராம் புரிந்தது, சோலார் கன்ஜங்ஷனும் புரியும்.

*

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது எளிது. செய்யத்தக்கவற்றைச் சொல்கிறேன்.

பதிப்பாளருக்கு: ஒவ்வொரு அறிவியல் புனைவுக் கைப்பிரதியையும் இருவர் படிக்கட்டும். ஒருவர் கல்லூரியில் இயற்பியலோ உயிரியலோ கற்பிப்பவர். இன்னொருவர் காதல் நாவல்களை இருபது முறை படிக்கும் வாசகி. முதலாமவர் கணக்கைப் பார்ப்பார், இரண்டாமவர் மனத்தைப் பார்ப்பார். இருவரும் ஒரே ஊரில் கிடைப்பார்கள். தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்துவிட்ட இக்காலத்தில் சில நூறு பிரதிகளோடு தொடங்கலாம். ஆயிரம் பிரதி தேங்கிவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை.

நூலக ஆணைக்குழுவினருக்கு: தமிழ்நாட்டில் சொத்து வரி கட்டுபவர் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறார். 1948ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கிவைத்த பழக்கம் அது. அந்தக் காசில் அறிவியல் புனைவுக்கும் பங்கு உண்டு. அதைத் தனி வகையாகப் பட்டியலிடுங்கள். 'சிறுவர் நூல்' அடுக்கில் தள்ளாதீர்கள்.

எழுதுபவருக்கு: முதல் வரைவில் மயங்காதீர்கள். இளநீர்க் கடையும் தொலைநோக்கியும் அழகாகத்தான் இருக்கின்றன, அது போதாது. நிலத்தையும் பொழுதையும் மாற்றுங்கள். மாற்றியபின் கணக்குப் போடுங்கள். கணக்கு முடிந்தபின் கணக்கை மறைத்துவிட்டு, அவள் எப்படிக் காத்திருந்தாள் என்பதை மட்டும் எழுதுங்கள். நாளுக்கு ஓர் அத்தியாயம் ஏற்றவேண்டும் என்ற நெருக்கடிக்கு இணங்காதீர்கள். 44 நிமிட மௌனத்துக்கு 44 பக்கம் தேவைப்பட்டால் அதைக் கொடுங்கள்.

கடைசியாக, திருவண்ணாமலையின் பதிப்பு நண்பர்களுக்கும், அவர்களைப் போன்று சிறிய ஊர்களில் அச்சுத் தொழிலைக் காதலித்துச் செய்யும் மற்றவர்களுக்கும். விண்கலமும் காதலும் முதல் பக்கத்திலேயே தென்படும் கைப்பிரதி ஒன்று உங்கள் மேசைக்கு வரும். வந்தே தீரும். புன்னகைக்க வேண்டாம். ஐம்பது பக்கம் படியுங்கள். பிறகு அறிவியலை மனத்தளவில் எடுத்துவிட்டுப் பாருங்கள். காதல் அப்படியே நின்றால் திருப்பி அனுப்புங்கள். சரிந்து விழுந்தால், தயங்காமல் அச்சுக்குக் கொடுங்கள்.